ஒரு சாண் தண்ணீர்

ஆவணி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். கேளம்பாக்கம் உப்பளங்களை ஒட்டிய கழிவெளியில் காலை ஆறரை மணி. சென்னைக்காரர்களுக்கு அது இன்னும் புழுக்கத்தின் காலம். மழைக்கு இரண்டு மாதம் இருக்கிறது. வரப்போரச் சேற்றில் ஏழெட்டுச் சிறு பறவைகள் தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருந்தன. கீழ்நோக்கி மெல்ல வளைந்த கறுப்பு மூக்கு. நெஞ்சிலும் வயிற்றிலும் செங்கல் நிறம், ஆனால் முழுமையாக இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்த பழைய சுவர்போல இடையிடையே வெள்ளையும் சாம்பலும் தெரிந்தன.

ஆங்காங்கே நிறம் உதிர்ந்த அந்த நெஞ்சுதான் எனக்கு ஆண்டின் முதல் நாள். வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் வடகோடியில், தைமிர் தீபகற்பம் போன்ற துருவ நிலத்தில் கூடு கட்டுகிறது. அங்கிருந்து இந்த உப்பளத்துக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். பறவையின் எடை ஐம்பது, அறுபது கிராம். கைக்கு அடக்கமான ஒரு எலுமிச்சம்பழத்தின் கனம். இனப்பெருக்கத்துக்காகப் போட்ட செந்நிற உடை முழுதும் களைவதற்குள் இங்கே வந்து இறங்கிவிடுகிறது.

முதலில் வருபவை பெரும்பாலும் ஆண்கள். இந்த இனத்தில் ஆண் அடைகாப்பதில்லை, குஞ்சும் வளர்ப்பதில்லை. ஜோடி சேர்ந்த வேலை முடிந்ததும், துருவக் கோடை பாதியில் இருக்கும்போதே கிளம்பிவிடுகிறது. பிறகு பெண்கள். கடைசியில், புரட்டாசி வாக்கில், அந்த ஆண்டு பிறந்த இளசுகள். அவற்றை அடையாளம் காண்பது எளிது. செந்நிறம் இருக்காது, முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளிர்நிற விளிம்பு ஓடியிருப்பதால் மீன் செதில் அடுக்கியதுபோலத் தெரியும். தாயும் தகப்பனும் முன்பே போய்விட்ட பிறகு, வழிகாட்ட யாருமில்லாமல், பிறந்து இரண்டு மூன்று மாதமே ஆன குஞ்சு கண்டத்தைக் கடந்து வருகிறது. எந்தத் திசையில், எத்தனை நாள் பறக்க வேண்டும் என்பது அதன் பிறவியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகளாகப் பார்த்தும் இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பழக்கம் வரவில்லை. ஒவ்வொரு புரட்டாசியிலும் அந்தச் செதில் முதுகைப் பார்த்ததும் நெஞ்சு ஒரு முறை நின்று நகர்கிறது.

சில ஆண்டுகளில் இளசுகள் நிறைய வரும். சில ஆண்டுகளில் தேடினாலும் கிடைக்காது. காரணம் நம் கடற்கரையில் இல்லை. துருவத்தில் வாழும் லெம்மிங் என்ற குட்டைவால் எலியில் இருக்கிறது. லெம்மிங்குகள் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகி, பிறகு திடீரெனக் குறையும். அவை பெருகிய ஆண்டில் துருவ நரி எலிகளைத் தின்று வயிறு நிறைந்து கிடக்கும். எலி இல்லாத ஆண்டில் அதே நரி தரையில் கிடக்கும் பறவை முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடித் தின்னும். தென்னாப்பிரிக்கக் கரைக்கு வரும் வளைமூக்கு உள்ளான்களில் இளசுகளின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதைக் கவனித்த ஆய்வாளர்கள், அந்த ஏற்ற இறக்கம் சைபீரிய லெம்மிங்குகளின் கணக்கோடு பொருந்துவதைக் கண்டார்கள். நம் பக்கம் வருபவையும் அதே துருவ நிலத்துப் பிள்ளைகள்தாம். கேளம்பாக்கத்துச் சேற்றில் இத்தனை செதில் முதுகு என்று எண்ணும்போது, நாம் பார்த்திராத ஒரு பனிவெளியில் எலிகள் எப்படி இருந்தன என்பதையும் சேர்த்தே எண்ணுகிறோம்.

2024இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்தப் பறவையை அழியும் ஆபத்துள்ள இனங்களின் வரிசைக்கு மாற்றியது. கூட்டமாக வருவதால் குறைந்துபோனது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயிரம் இருந்த இடத்தில் அறுநூறு நின்றாலும் நமக்கு அது கூட்டம்தான்.

*

ஐப்பசியில் அடைமழை தொடங்கியதும் நண்பர்கள் கேட்பார்கள்: "பள்ளிக்கரணையில் தண்ணீர் நிறைந்துவிட்டதே, பறவை பார்க்கப் போகலாமா?" போய்ப் பார்த்தால் ஏமாற்றம். ரேடியல் சாலையின் இருபுறமும் தண்ணீர் தளும்பி நிற்கும். தூரத்தில் நாமக்கோழிகள் சில, முக்குளிப்பான் ஒன்றிரண்டு. இரண்டு மாதத்துக்கு முன் சேறு முழுக்க ஓடித் திரிந்த உள்ளான்கள் ஒன்றையும் காணோம். தண்ணீர் வந்தால் பறவை வரும் என்று நாம் நினைத்திருந்தது தலைகீழாகிவிடும்.

சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பள்ளிக்கரணைச் சதுப்பு, பழைய ஊர்க்காரர்கள் கழுவெளி என்று சொல்வது, சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து ஏரி ஏரியாக வழிந்து வரும் வெள்ளத்தை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்கே அனுப்பி, கோவளம் கழிமுகத்தில் கடலில் சேர்க்கும் இடம். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்தது என்று கணக்கிடுகிறார்கள். 2022இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள சதுப்பாக, ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டபோது அதற்குள் வந்தது 1,247 ஹெக்டேர். மிச்சத்தில் நாம் குடியிருக்கிறோம், வேலை பார்க்கிறோம், குப்பை கொட்டியிருக்கிறோம். அத்தனை நிலத்தில் பரவ வேண்டிய தண்ணீர் கால்பங்கு நிலத்தில் நிற்கும்போது பரப்பு கூட வழியில்லை, ஆழம்தான் கூடும். வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது நகரம் இதை நினைவில் வைத்திருக்கிறது. பறவைகளைப் பற்றிப் பேசும்போது மறந்துவிடுகிறது.

கொசு உள்ளானின் கால் இரண்டு விரல் ஆழத்துக்குத்தான் தாங்கும். வளைமூக்கு உள்ளானுக்கு மூன்று நான்கு விரல். உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் பூநாரைக்கு அடுத்து மிக நீண்ட கால் உடைய நெடுங்கால் உள்ளானுக்குக்கூட ஒரு சாண் நிறைய வேண்டாம். நீந்தத் தெரியாத இந்தக் கூட்டத்துக்கு முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் அது கடல். ஆகவே மழைக்காலத்தில் அவை கடற்கரைக்கும் கழிமுகத்து மணல் திட்டுக்கும் பழவேற்காட்டின் ஓரங்களுக்கும் சிதறிப் போகின்றன. சதுப்பு வாத்துகளுக்கும் நாமக்கோழிகளுக்கும் சொந்தமாகிறது. ஊசிவால் வாத்தும் ஆண்டி வாத்தும் நீலச்சிறகியும் வடக்கிலிருந்து வந்து நடுத்தண்ணீரில் மிதக்கும். அவை கரைக்கு வருவதில்லை. நமக்குத் தெரிவது புள்ளிகள் மட்டுமே.

இதே வாரங்களில் நகருக்குள் ஒரு விருந்தாளி வருவார். விடிகாலையில் யாராவது தொலைபேசியில் அழைத்து, "எங்க வீட்டு வராந்தாவில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கு, பச்சை முதுகு, வயிறு அடியில் சிவப்பு, வால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை" என்றால் ஆறுமணிக்குருவி வந்துவிட்டது என்று பொருள். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிவிட்டு, தென்னகத்துக்கும் இலங்கைக்கும் போகும் பயணத்தில் இருக்கிறது. காலையும் மாலையும் ஆறுமணி வாக்கில் இரண்டு சீழ்க்கை விடுவதால் அந்தப் பெயர். இரவில் பறக்கும் பறவை. விண்மீன்களைப் பார்த்தும் பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்தும் திசை கண்டுபிடிக்கும் பறவைகளை நகரத்து விளக்குகள் குழப்பிவிடும். கண்ணாடிச் சுவரில் வானம் தெரிந்தால் அது வானம் என்றே நம்பி மோதும். அப்படி விழுந்த ஒன்றைக் கண்டால் காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான மூலையில் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். தெளிந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் திறந்துவிட்டால் போதும். பெட்டிக்குள்ளிருந்து கிளறும் சத்தமே அது தெளிந்துவிட்டதைச் சொல்லும்.

*

தண்ணீர் நிறைவதற்காகவே காத்திருக்கும் பறவைகளும் உண்டு. நகரிலிருந்து தென்மேற்கே எண்பது கிலோமீட்டர் தள்ளி வேடந்தாங்கல் ஏரி. ஏரி நிறைந்து, நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களின் அடி மூழ்கியதும் நத்தைகொத்தி நாரை, கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, கரண்டிவாயன் எல்லாம் வந்து சேரும். சுற்றி நிற்கும் தண்ணீர் ஒரு அகழி. கீரியும் பூனையும் மரம் ஏற முடியாது. மழை தந்த புதுத்தண்ணீரில் மீன்குஞ்சும் நத்தையும் தவளையும் பெருகும் வாரங்களும் கூட்டில் குஞ்சு வாய் திறக்கும் வாரங்களும் ஒன்றாக அமையும்.

இதே மஞ்சள் மூக்கு நாரை ராஜஸ்தானின் பரத்பூரில் ஆவணி, புரட்டாசியில் கூடு கட்டுகிறது. அங்கே தென்மேற்குப் பருவமழை நீர் நிறைக்கிறது, இங்கே வடகிழக்கு. நாடு ஒன்று, இனம் ஒன்று, பகல் நீளத்திலும் பெரிய வேறுபாடு இல்லை; கூடு கட்டும் காலம் மட்டும் மாதக்கணக்கில் தள்ளிப் போகிறது. ஏரி எப்போது நிறைகிறதோ அப்போது வசந்தம்.

வேடந்தாங்கல் மக்களுக்கு இது பரம்பரையாகத் தெரிந்த விஷயம். பறவைகள் நிற்கும் ஏரியின் தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்கு உரம் வேண்டாம். எச்சத்திலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் கரைந்து வருகின்றன. பறவைகளைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று அவர்கள் முறையிட்டபோது, 1798இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். நாட்டின் மிகப் பழைய பறவைக் காப்பிடம் முப்பது ஹெக்டேர் அளவுள்ள ஒரு பாசன ஏரி என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வனத்துறை பிறக்குமுன்பே அங்கே காவல் இருந்தது. தீபாவளிக்கு இன்றும் அந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை.

நத்தைகொத்தியின் மூக்கைத் தொலைநோக்கியில் பார்த்தவர்கள் உடைந்துவிட்டதோ என்று நினைப்பார்கள். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் சேராமல் ஒரு இடைவெளி. குஞ்சுக்கு அது இருப்பதில்லை. வளர வளரத்தான் உண்டாகிறது. ஆப்பிள் நத்தையைப் பிடித்து, மூடியின் ஓரத்தில் கூரான கீழ் அலகைச் செலுத்தி, தசையை அறுத்து வெளியே எடுக்கும் அந்த வேலையை மதகருகே நின்று நிதானமாகப் பார்க்கலாம். மஞ்சள் மூக்கு நாரையின் வித்தை வேறு. அது வாயைப் பாதி திறந்தபடி கலங்கல் தண்ணீரில் வைத்துக்கொண்டு நடக்கும். கண்ணுக்கு வேலையில்லை, மீன் அலகில் பட்டதும் வாய் மூடிக்கொள்ளும். அதன் அமெரிக்க உறவான மர நாரையில் இந்த அனிச்சைச் செயலை அளந்தபோது 25 மில்லிவினாடி வந்தது. நாம் கண் சிமிட்டும் நேரத்தைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் மீன் தானாக வந்து இடிபட வேண்டுமானால், மீன் நெருக்கமாக இருக்க வேண்டும். ஆழமான ஏரியில் மீன்கள் எங்கும் பரவி நிற்கும். தண்ணீர் வற்ற வற்றக் குட்டையில் நெருக்கிக்கொண்டு நிற்கும். குஞ்சு வளர்ந்து பெரும்பசி எடுக்கும் நேரமும், ஏரி வற்றத் தொடங்கும் நேரமும் ஒன்றாவது அதற்கு வாழ்வு.

*

மார்கழியை நான் கடந்து போகவே விரும்புவேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் பிசுபிசுத்துப் போயின. கூழைக்கடாக்கள் பழுப்பும் கறுப்புமாக, நனைந்த கோணி போல உட்கார்ந்திருந்தன. இறகின் ஒவ்வொரு இழையிலும் நுண்ணிய கொக்கிகள் உண்டு. அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால்தான் இறகு நீர் புகாத துணி ஆகிறது. எண்ணெய் பட்டதும் கொக்கிகள் ஒட்டிக்கொண்டு துணி கிழிகிறது. தண்ணீர் தோல் வரை போகும், உடம்பு சில்லிடும், மிதப்பது கடினமாகும். பறவை தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைச் சரிசெய்யப் பார்க்கும்: அலகால் கோதும். கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும். தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நல்ல பழக்கமே அதைக் கொல்கிறது. எண்ணெய் படிந்த அந்தக் கூழைக்கடாக்களின் படங்களை நான் இன்றும் முழுதாகப் பார்த்ததில்லை.

*

சென்ற பொங்கலுக்கு முந்தைய பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, பூநாரை வந்திருக்கும் என்ற நம்பிக்கையில் உப்பளத்துக்குப் போனேன். ஒன்றுமில்லை. பாத்தி வரப்பைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பெரியவர் என் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார்:

"தண்ணி இன்னும் எறங்கல சார். பொங்கல் கழியட்டும், அப்பறம் வாங்க."

"எவ்வளவு இறங்கணும் பெரியவரே?"

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினார். "ஒரு சாண் நிக்கணும். அப்ப பாருங்க, பெரிசு சின்னது எல்லாம் வரும்."

கலிஃபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில், வயல்களிலும் சதுப்புகளிலும் நீர்மட்டத்தை மாற்றி மாற்றி வைத்துப் பறவைகளை எண்ணியவர்களும் கிட்டத்தட்ட இதையே கண்டார்கள். சராசரி ஆழம் பத்து முதல் இருபது சென்டிமீட்டராக இருக்கும்போதுதான் மிக அதிகமான இனங்கள் ஒரே இடத்தில் சேர்கின்றன. ஒரு சாண் என்பது இருபத்திரண்டு, இருபத்துமூன்று சென்டிமீட்டர். சேற்றுநிலம் சமமாக இருப்பதில்லை அல்லவா? நடுவில் ஒரு சாண் நின்றால் ஓரத்தில் நாலு விரல், அதற்கும் வெளியே ஈரச்சேறு. ஒரே நிலத்தில் பூநாரை நிற்க, மூக்கன் நிற்க, கொசு உள்ளான் ஓட, எல்லோருக்கும் இடம்.

மாசியில் பெரியவர் சொன்னது நடந்தது. பள்ளிக்கரணையில் சாலையோரத்திலிருந்தே பூநாரைகளைப் பார்க்கலாம். பின்னால் மென்பொருள் அலுவலகங்களின் கண்ணாடிக் கோபுரம், முன்னால் இளஞ்சிவப்பு வரிசை. தலையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, நாக்கைப் பம்பின் தண்டுபோல முன்னும் பின்னும் இயக்கி, சேற்றுநீரை அலகுக்குள் இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சல்லடைத் தகடுகளில் பாசியும் சிற்றுயிர்களும் தங்கும். நிறம் அந்த உணவிலிருந்து வருவது. அதிலுள்ள கரோட்டினாய்டுகள் இறகில் படிகின்றன. இளம்பறவை சாம்பலாக இருக்கும். நம் ஊரில் பார்க்கும் வெளிறிய கூட்டத்தைப் பார்த்து நோய் என்று நினைத்துவிட வேண்டாம், அவை பிள்ளைகள். இந்தியாவில் அவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது கட்ச் ரண் பகுதியில். இங்கே உண்ண வருகின்றன.

பூநாரையைப் பார்க்க வந்தவர்கள் அதன் காலடியில் ஓடும் உள்ளான்களையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். தையல் இயந்திரத்து ஊசிபோல மூக்கை இறக்கி ஏற்றிக்கொண்டே போகும் அவை குருட்டாம்போக்கில் குத்துவதாகத் தோன்றும். ஆனால் அலகு நுனியின் எலும்பில் நுண்குழிகள் உண்டு. அவற்றுக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1998இல் நாட் என்ற உள்ளான் வகையை வைத்து ஒரு சோதனை செய்து காட்டினார்கள். ஈரமணலில் அலகு இறங்கும்போது மணிகளுக்கிடையே உள்ள நீர் அழுத்தப்படுகிறது. பக்கத்தில் சிப்பி போன்ற கெட்டியான பொருள் புதைந்திருந்தால் அழுத்தம் அங்கே வேறுபடும். அந்த வேறுபாட்டை வைத்து, தொடாமலே, மூக்கு அறிந்துகொள்கிறது. அதே மணலை உலர்த்திவிட்டால் பறவையால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆழம் கூடினால் கால் எட்டாது. காய்ந்து போனால் மூக்கு குருடாகும். இரண்டுக்கும் நடுவில் சில வாரங்கள்.

இங்கேதான் என் மனக்குறை. ஏரிகளைக் காப்பாற்றுகிறோம் என்று நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் முதல் வேலை தூர்வாருவது. இயந்திரத்தை இறக்கி, அடியைக் கிண்ணம்போல ஒரே ஆழத்துக்குத் தோண்டி, எடுத்த மண்ணைக் கரையில் செங்குத்தாக ஏற்றி, கல் பதித்து, மேலே நடைபாதை போட்டுவிடுகிறோம். குடிநீருக்கு அது தேவையான ஏரிகள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் சாய்வாக இறங்கும் சேற்று ஓரம் போனபின் அந்த ஏரியில் ஒரு சாண் ஆழம் என்பது எந்த மாதத்திலும் வருவதில்லை. நிறைந்திருந்தாலும் கிண்ணம், வற்றினாலும் கிண்ணம். நடைபாதையில் மாட்டிய பலகையில் உள்ளானின் படம் இருக்கும். படத்திலுள்ள பறவை வந்து நிற்க இடம் இருக்காது. இதைச் செய்கிறவர்களோடு பேசியிருக்கிறேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. சேறு என்பது அழுக்கு, அகற்ற வேண்டியது என்றுதான் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மேடும் பள்ளமுமாகத் தோண்டுங்கள், ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒன்றிரண்டு இடங்களில் கேட்டிருக்கிறார்கள்.

கழிமுகங்களுக்கும் இதே கதைதான், வேறு வடிவில். நம் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்துக் கல்சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. அடையாறும் கூவமும் கடலைத் தொடும் இடத்தில் மணல் திட்டு விழுந்து வாய் மூடிக்கொள்ளும். மூடிய கழிமுகத்தில் ஓதம் ஏறி இறங்காது. நாளுக்கு இரண்டு முறை திறந்து மூடும் சேறு இல்லாமல் போகும். அடையாறு முகத்துவாரத்தில், உடைந்த பாலத்தின் பக்கம், வாய் திறந்திருக்கும் நாளையும் மூடியிருக்கும் நாளையும் பறவையை வைத்தே சொல்லிவிடலாம். மூடிய நாளில் உள்ளான்கள் இருக்காது; திட்டின்மேல் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் காற்றைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். லடாக், திபெத் பீடபூமியின் ஏரிகளில் பிறந்தவை அவை. ஆனாலும் கடலோரத்தில் வாழ அவற்றுக்குத் தடையில்லை; கண்ணுக்கு மேலே உள்ள உப்புச் சுரப்பி, குடித்த கடல்நீரின் உப்பை வடித்து மூக்கு வழியே வெளியேற்றிவிடும்.

*

பங்குனியில் உள்ளான்கள் பருக்கத் தொடங்கும். பார்த்தாலே தெரியும், வால் பக்கம் கனத்து, ஓட்டத்தில் ஒரு அசைவு வரும். நெஞ்சில் செந்நிறம் மீண்டும் ஏறும். நீண்ட தொலைவு போகும் கரைப்பறவைகளில் கொழுப்பு எடை ஏறிக் கிட்டத்தட்ட உடம்பு இரட்டிப்பாவதும் உண்டு. கிளம்பும் முன் இரைப்பையும் குடலும் சுருங்கிவிடும். பயணத்தில் சாப்பாடு இல்லை, சமையலறையைச் சுமந்துகொண்டு போவானேன். இதை எல்லாம் நாம் அறிந்தது பறவையைப் பிடித்து, எடை போட்டு, காலில் வளையம் மாட்டி விட்டவர்களால். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக அந்த வேலையைச் செய்து வந்திருக்கிறார்கள். பங்குனிக் கடைசியில் ஒரு மாலை கூட்டம் சத்தமிட்டபடி எழும், வட்டமடிக்கும், வடக்கே திரும்பும். மறுநாள் போனால் சேற்றில் கால்தடம் மட்டும் இருக்கும்.

சித்திரையில் ஊரே குயிலின் வசம். மழைக்காலம் முழுக்கக் குயில் எங்கே போயிருந்தது என்று கேட்பார்கள். எங்கும் போகவில்லை, நம் வீட்டு வேப்பமரத்தில்தான் வாய் திறக்காமல் இருந்தது. காக்கை கூடு கட்டத் தொடங்கியதும் ஆண் குயிலுக்குக் குரல் வருகிறது. சென்னைக் காக்கையின் கூட்டில் குச்சியோடு கட்டுக்கம்பியும் மின்கம்பித் துண்டும் பின்னிக் கிடக்கும். கட்டட வேலை நடக்கும் தெருவில் கம்பி அதிகம். புள்ளி போட்ட பெண் குயில் அதில் முட்டையிட்டுவிட்டுப் போகும். குயில் குஞ்சு சில நாள் முந்திப் பொரித்து, முந்தி வாய் பிளக்கும். ஆனால் ஐரோப்பியக் குயிலைப்போல வளர்ப்புத் தாயின் பிள்ளைகளைக் கூட்டிலிருந்து தள்ளிக் கொல்வதில்லை பெரும்பாலும். ஆனியில் மதில்மேல் ஒரு காக்கை, தன்னைப் போலவே இல்லாத ஒரு பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருப்பதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

அக்கினி நட்சத்திரத்தில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் குறைவு. நான் போவேன். கண் கூசும் வெள்ளை. வரப்பின்மேல் உப்புக்கட்டிகளுக்கு நடுவே நெடுங்கால் உள்ளான் நான்கு முட்டை வைத்திருக்கும். நாற்பது பாகை வெயிலில் முட்டையைச் சூடாக்குவது அல்ல, வேகாமல் காப்பதுதான் அடைகாத்தல். பறவை தண்ணீருக்கு ஓடி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைமேல் அமரும். ஜோடியில் ஒன்று எழ, மற்றது அமரும். பகல் முழுக்க இந்த ஓட்டம். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் முட்டை பிழைக்கும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு நகரம் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றதே, அந்த ஆண்டு சதுப்பின் பெரும்பகுதி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆள்காட்டி ஒன்று கத்திக்கொண்டே என் தலைக்கு மேல் சுற்றிய இடத்தில் தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அதன் முட்டை எங்கே இருந்தது என்று நான் தேடவில்லை. தேடினால் அது இன்னும் அதிக நேரம் முட்டையை வெயிலில் விட்டிருக்கும்.

இதே கடற்கரையில் கோடையிலும் போகாமல் இங்கேயே கூடு வைக்கும் ஒரு சின்ன உப்புக்கொத்தி இருக்கிறது. நூறாண்டுகளுக்கும் மேலாக அதை ஐரோப்பா வரை பரவிய கெண்டிஷ் உப்புக்கொத்தியின் கிளை என்றே நினைத்திருந்தோம். மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்ட பின் 2023இல் அது தனி இனம் என்று முடிவானது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டும் உரியது என்பதால் அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். நம் வாசலில் இருந்த பறவைக்குப் பெயர் வைக்க இவ்வளவு காலம்.

ஆனி மாதக் கடைசி. தென்மேற்குக் காற்று புழுதியை வாரி அடிக்கிறது. வடக்கே போனவை போய் மூன்று மாதம் ஆகிறது. அங்கே இப்போது சூரியன் மறைவதே இல்லை, கூட்டில் குஞ்சு இருக்கும். ஆனால் கேளம்பாக்கத்துப் பாத்தி ஓரம், மிஞ்சிய நாலு விரல் தண்ணீரில், ஐந்து வளைமூக்கு உள்ளான்கள் சாம்பல் நிறத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. செந்நிறம் ஏறவில்லை. சென்ற புரட்டாசியில் செதில் முதுகோடு வந்த பிள்ளைகள் அவை. முதல் ஆண்டில் பல இளசுகள் திரும்பிப் போவதில்லை, இந்தக் கோடையை இங்கேயே கழித்துவிடும். கொத்திக் கொத்தி முன்னேறி, தண்ணீர் முடிந்த இடத்தில் நின்று, திரும்பி, மறுபடி கொத்திக்கொண்டு வந்தன. இன்னும் ஐந்தாறு வாரத்தில் அவற்றின் பக்கத்தில் செங்கல் நெஞ்சு உதிரத் தொடங்கிய முதல் ஆண்பறவை வந்து இறங்கும்.